எண்பது சொல்லுக்குள்

ஆளுக்கு எண்பது சொல்.
ஒரு படம்.
வெள்ளிக்கிழமைக்குள் ஜெனீவாவுக்குப் போக வேண்டும்
கோத்தகிரிக் கிளையின் பதினோரு பேருடைய
பணிப் பின்னணி.

படிவங்களை வாங்கி
‘நான்’ வருமிடமெல்லாம் ‘இவர்’ ஆக்குவது என் வேலை.
போன வேலையும் ஏறக்குறைய இதுதான்:
கோவையில் ஒரு நாளிதழுக்கு
நினைவஞ்சலி விளம்பரம் எழுதினேன், ஒன்பது வருடம்.
அங்கே செத்த பிறகு இவர்.
இங்கே சம்பளத்தோடு இவர்.

மச்சாடோ தந்தது மூன்று வரி.
தூத்துக்குடிச் சுங்கத்துறை, இருபத்திரண்டு ஆண்டு,
இப்போது வணிகத் தடைகள் பற்றிய ஆய்வு.
தடையாக நின்றவரே தடையை ஆராய்கிறார் என்று
கான்டீனில் சொன்னால் சிரிப்பார்.
சிரித்துவிட்டு
எதிரில் இருப்பவர் பையை ஒரு தரம் பார்ப்பார்.
கை போகாது. கண் போகும்.
அதை எந்த வாக்கியத்தில் வைப்பது?

ஓடியாம்போ, புள்ளியியல், கிசுமு.
முதல் வேலை ஏரிக்கரையில் மீன் நிறுத்தது என்று
அவரே எழுதி அவரே அடித்திருந்தார்.
ஒற்றைக் கோடுதான். படிக்க முடிந்தது.
போஜன் படிவத்தில் வேலைகளைவிட இடைவெளிகள் அதிகம்.
பச்சைத் தேயிலை விலை படுத்துவிட்ட வருடம்
கூட்டுறவு ஆலையின் கணக்கர் என்ன செய்துகொண்டிருந்தார்?
கேட்டேன்.
“கூட்டல்தான் போட்டேன், கழித்தலாவே வந்துது.”

சந்திரகாந்தியின் படிவம் அச்சுக்குத் தயாராக வந்தது.
முனைவர். குடிபெயர்வுக் கொள்கை. சசெக்ஸ், டாக்கா, ரோம்.
எண்ணிப் பார்த்தேன், சரியாக எண்பது.
அத்தனை கச்சிதத்தை நான்
நம்பியிருக்கக் கூடாது.

புதன்கிழமை குன்னூரிலிருந்து படமெடுக்க ஒரு பையன் வந்தான்.
அலுவலகப் புல்தரையில் ஒவ்வொருவராய் நிறுத்தி
“தோளைக் கொஞ்சம் இறக்குங்க சார்.”
மச்சாடோ தோளை இறக்கினார்.
அவருக்குப் பின்னால் சைப்ரஸ் வரிசையில்
மரம் ஒன்று மூச்சு விட்டது.

காட்டெருமை.
வெள்ளைக் காலுறை போட்ட நான்கு கால்,
அதற்கு மேல் ஈரம் மினுங்க
ஒரு மினிபஸ்.

இடர் மேலாண்மை நிபுணர் ஜீப்புக்கு அடியில் இருந்தார்.
ஓடியாம்போவின் உதடு அசைந்தது: இருபது மீட்டர், பதினெட்டு.
மச்சாடோ திரும்பி, பழக்கதோஷம்,
கையை உயர்த்தி “நில்” என்றார்.
அப்போதுதான் அந்தக் குரல்.
ரோமில் பேசும் ஆங்கிலம் இல்லை,
கருத்தரங்கத் தமிழும் இல்லை:

“ஆடாதீங்க யாரும். கண்ணப் பாக்காதீங்க.
தேயிலைச் செடின்னு நெனச்சுக்கங்க ஒங்கள.
அதுக்கு வழிதான் வேணும், நம்மள வேணாம்.”

செடிகளாக நின்றோம்.
அது காமிரா முக்காலியை முகர்ந்தது,
நிதானமாகச் சாணம் போட்டது,
சரிவில் இறங்கிப் போனது.

பிறகு டீ குடிக்கையில், கோப்பையைப் பார்த்தபடி
சந்திரகாந்தி சொன்னார்:
சேரம்பாடி, அரசுத் தோட்டம், நாலாம் நம்பர் லயம்.
அம்மா பதுளையிலிருந்து கப்பலேறி
மண்டபம் முகாமில் முத்திரை குத்தி வாங்கி வந்தவள்.
பள்ளிக்கூடம் போகிற வழி
எருமைக்கும் அதுதான் வழி.

“சேர்த்துவிடட்டுமா?”
“எண்பது தாண்டிடுமே.”
“டாக்காவை எடுத்துவிடலாம்.”
யோசித்தார். நிஜமாகவே யோசித்தார்.
டீ ஆறியது.
“டாக்கா இருக்கட்டும்” என்றார்.

திங்களன்று ஜெனீவாவின் மறுமொழி:
சொற்கள் சரி. படங்களில்தான் சிக்கல்.
ஒருவருக்குப் புல், ஒருவருக்கு ஜீப்,
திரு. மச்சாடோவுக்குப் பின்னால் ஏதோ கறுப்பாக.
பின்னணி எல்லோருக்கும் ஒன்றுபோல இருப்பது நல்லது.

பதில் எழுதினேன்:
நாளை மாலை நான்கு மணிக்கு மேல் எடுத்து அனுப்புகிறோம்.
அந்நேரம் கோடநாட்டுப் பக்கமிருந்து மூடுபனி ஏறும்.
பின்னணி ஒன்றாகிவிடும்.
முகம் தெரியுமா என்பதுதான்
சொல்வதற்கில்லை.